கோரஸ் விளைவுக்குக் கலைச்சொல்: குழுவொலி, ஊசல்

வணக்கம்.

ஒரு குரலையோ கருவியையோ பலர் சேர்ந்து இசைப்பதுபோல் கேட்கச்செய்யும் ஒலி விளைவுதான் கோரஸ். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகள் சேர்ந்திசை, பலகுரல், எதிரொலிப்பு. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. சேர்ந்திசை என்றால் பலர் கூடிப் பாடுவது. அந்தப் பொருளில் அது வேரூன்றிவிட்டது. பலகுரல் என்றதும் மிமிக்ரிதான் நினைவுக்கு வரும். எதிரொலி காதுக்கே பொருந்தவில்லை. கோரஸில் தாமதம் பெரும்பாலும் 15 முதல் 35 மில்லிநொடிதான். அவ்வளவு நெருங்கி வரும் நகலைக் காது தனியே பிரிக்காது, முதல் ஒலியோடு சேர்த்தே கேட்டுக்கொள்ளும்.

என் பரிந்துரை குழுவொலி. கருவிக்குக் குழுவொலியாக்கி.

நாலு வயலின் ஒரே சுரத்தை வாசித்தாலும் சுருதியும் நேரமும் துளித்துளி விலகும். அந்த விலகல்தான் குழு என்று காட்டிக்கொடுக்கிறது. இந்த விளைவு செய்வதும் அதையே: ஒலியின் நகலைத் தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெதுவாகக் கூட்டிக் குறைத்து, மூல ஒலியோடு கலக்கிறது. தாமதம் கூடிக்கொண்டே போகும்போது நகலின் சுருதி இறங்கும். குறைந்துகொண்டே வரும்போது ஏறும். தாமதம் அசையாமல் நின்றுவிட்டால் சுருதி விலகாது, குழுவும் கிடைக்காது.

ஆகவே அந்த அசைவுக்கு ஒரு சொல் கட்டாயம் வேண்டும். ஊசல் என்கிறேன். தாமதம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைக் குறிக்கும் ரேட் குமிழுக்கு ஊசல் வேகம், எவ்வளவு தூரம் அசைகிறது என்பதைக் குறிக்கும் டெப்த் குமிழுக்கு ஊசல் அகலம். வேகம், ஆழம் என்று தனித்தனியாக விட்டால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. இரண்டும் சேர்ந்துதான் சுருதி விலகலைத் தீர்மானிக்கின்றன. சைன் அலையில் நொடிக்கு ஒரு ஊசல், இருபுறமும் 2 மில்லிநொடி அகலம் என்று வையுங்கள்: சுருதி அதிகபட்சம் 1.26 சதவீதம், அதாவது அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, விலகும். வேகத்தை மட்டும் இரட்டித்தால் விலகலும் இரட்டிக்கும், அபசுரம் எட்டிப்பார்க்கும். வேகத்தை ஏற்றினால் அகலத்தைக் குறை என்று வாசிப்பவர்கள் சொல்வது இதனால்தான். 1976-இல் வந்த, பாஸ் (Boss) நிறுவனத்தின் சிஇ-1 கோரஸ் பெடலிலேயே, கோரஸ் பக்கம் ஊசலுக்கென்று இன்டென்சிட்டி என்ற ஒரே குமிழ்தான். சுருதியை மட்டும் அசைக்கும் வைப்ரேட்டோ பக்கம்தான் ரேட்டும் டெப்த்தும் தனித்தனி. பெயரிலும் இந்த உறவு தெரியட்டும்.

டெப்த்துக்கு வீச்சு என்ற யோசனை இயற்பியல்படி சரிதான். ஆனால் ஒலி என்றாலே வீச்சு சத்தத்தின் அளவைக் குறிக்கும். குமிழைத் திருப்புகிறவர் ஒலி கூடும் என்று எதிர்பார்ப்பார். அகலமே மேல்.

டிலேக்குத் தாமதம், மூல ஒலியும் நகலும் கலக்கும் விகிதமான மிக்ஸுக்குக் கலவை. இவற்றில் சிக்கல் இல்லை. கலவை விளக்கத்தில் மட்டும் ஒரு வரி சேர்க்கலாம்: பாதிக்குப் பாதி வைத்தால் குழு நன்றாகத் தெரியும், மூல ஒலியை முழுதும் எடுத்துவிட்டால் எஞ்சுவது வைப்ரேட்டோ.

கோரஸைப் போலவே தாமதத்தை அசைக்கும் இன்னொரு விளைவான ஃபிளாஞ்சருக்கு வரும்போது ஊசலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே தாமதம் பொதுவாக 10 மில்லிநொடிக்குள், கூடவே வெளிவரும் ஒலியில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே செலுத்தும் ஃபீட்பேக் குமிழ். அதற்குப் பின்னூட்டு என்றால் ஏற்பீர்களா? பின்னூட்டம் இப்போது வாசகர் கருத்தாகிவிட்டதால் கேட்கிறேன்.