மோட்டரைக் கூட்டியும் வன்மை இறங்காத கதை

சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில்லில் நடந்தது. நெல் அவிக்கிற பொயிலருக்குக் கிணற்றுத் தண்ணிதான், அதில் கல்சியம் கூட (இதைத்தான் வன்மை என்கிறோம்), குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்துகொண்டே இருக்கும், அதற்காகக் கல்சியத்தை இழுத்துப் பிடிக்கிற ரெசின் மணி போட்ட உருளை ஒன்று வைத்திருந்தார்கள். வழக்கமாக இப்படியான உருளையில் தண்ணி மேலிருந்து கீழே ஓடும். இது கீழிருந்து மேலே ஓடுகிற வகை, மணிகள் தண்ணிக்குள் மிதந்து துள்ளிக்கொண்டிருக்கும், பார்க்க வடிவுதான்.

மில் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார்: "தம்பி, மோட்டரைக் கூட்டி விடுங்க, தண்ணி வேகமாப் பட்டா மணியும் கெதியா இழுக்கும்தானே." மணிகள் அசையாமல் கிடக்கிற படுகை என்றால் அவர் சொன்னது சரி. கூட்டினோம். படுகை உயர்ந்தது, வெளியே வந்த தண்ணியை ஈடிடிஏ (கல்சியத்தோடு சேர்கிற ஒரு இரசாயனம்) வைத்து நியமித்து, அதாவது துளித்துளியாய்ச் சேர்த்து அளந்து, பார்த்தால் வன்மை முன்பைவிடக் கூட!

ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, கல்சியம் அதைக் கடந்துதான் மணிக்குள் போக வேண்டும். வேகத்தைக் கூட்டினால் படலம் மெலியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் மிதக்கிற படுகையில் மணிகள் விலகி இடம் விட்டுவிடுகின்றன. மணியைத் தூக்கத் தேவையான விசை தண்ணிக்குள் அதற்குள்ள எடை மட்டுமே, அது மாறாது. படுகையின் கீழுக்கும் மேலுக்கும் இடையிலான அமுக்க இறக்கமும் அப்படியே நிற்கும். அதனால் திணிவு கடத்தல் குணகம், அதாவது கல்சியம் படலத்தைக் கடக்கிற வேகத்தின் அளவு, பெரிதாக அசையாது. அதே மணிகளுக்குக் கூடுதல் தண்ணி, வேறென்ன நடக்கும்?

பதில்: அண்ணன், நான் மட்டக்களப்பு. பேராதனையில் படிக்கும்போது இதையே பென்சோயிக் அமிலக் குளிசைகளை வைத்துச் செய்தோம். 25 பாகையில் லீற்றருக்கு 3.4 கிராம் அளவில்தான் கரையும், அதனால் குளிசை சட்டென்று தேயாது. கரைந்ததைச் சோடியம் ஐதரொக்சைட்டால் நியமித்தால் போதும். வேகத்துக்கு எதிரே குணகத்தை வரைந்தால் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். படுகை எவ்வளவு விரியும் என்பதற்கு 1954இல் ரிச்சர்ட்சனும் சாக்கியும் தந்த சமன்பாடு இருக்கு, அதில் மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளிப் பங்குக்கு வரும் அடுக்கு 4.65இலிருந்து 2.4 வரை, துணிக்கையைப் பொறுத்து. சின்ன மணி போட்டுப் பார்த்தீர்களா? பரப்பு கூடுமே.

பதில்: சின்ன மணி மேல் வழியாகப் பொயிலருக்கே போய்விடும் தம்பி. மோட்டரைக் குறைத்து, கூட ரெசின் போட்டோம், வன்மை இறங்கியது. காக்கா மட்டும் ரெசின் விலையைக் கேட்டு இன்னும் கோபத்தில்.