விந்து வெளியேறிய பிறகு சிறுநீர் எரிச்சல்

கேள்வி: வயது 34. 3 வாரமாக, விந்து வெளியேறிய பிறகு சிறுநீர் கழித்தால் நுனியில் சுருக்கென்று எரிகிறது. அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். நாள் முழுக்க பைக்கில் டெலிவரி வேலை. வெறும் சூடுதானா?

பதில்: நானும் சூடு என்றுதான் நினைத்தேன் தம்பி. இளநீர், வெந்தயம் என்று ஒரு மாதம் வீணானது. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) கிருமி தெரிந்தது, புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கமாம். 4 வாரம் மாத்திரை.

இன்னொரு பதில்: 3 வாரம் என்றால் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் போடாதீர்கள், கல்ச்சரில் கிருமி சிக்காமல் போகலாம். சீழ் வந்தால் பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம், கூச்சப்படாமல் சொல்லுங்கள். குளிர்காய்ச்சல், சிறுநீர் அடைப்பு என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

கேட்டவர்: சரி அண்ணா, சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன்.