பாக்கெட்டில் தினமும் வைத்துக்கொள்ள மடக்குக் கத்தி: ஒப்பினெலா, விக்டரினாக்ஸா? (இங்கிலாந்தில் இருக்கிறேன்)

கீரைப்பாத்தி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். லெஸ்டரில் இருக்கிறேன். அலாட்மென்டில், அதாவது வாடகைக்கு விடும் பொதுத் தோட்டத்தில், ஒரு துண்டு நிலம் எடுத்துக் கீரை, அவரை, தக்காளி போடுகிறேன். சணல் கயிறு அறுக்க, உர மூட்டை பிரிக்க, வேலையிடத்தில் அட்டைப்பெட்டி திறக்க, மதியம் ஆப்பிள் நறுக்க என எல்லாவற்றுக்கும் பாக்கெட்டில் ஒரே ஒரு கத்தி இருந்தால் போதும்.

இப்போது கையில் இருப்பது சந்தையில் வாங்கிய, பெயர் எதுவும் பொறிக்காத மரப்பிடிக் கத்தி. நன்றாகத்தான் வெட்டுகிறது, ஆனால் இரண்டு தொல்லை. மழையில் நனைந்த அன்று அலகு வெளியே வர மறுக்கிறது, நகத்தைப் பிய்த்துவிடும் போல இறுகிக்கொள்கிறது. அப்புறம், ஆப்பிளும் எலுமிச்சையும் நறுக்க ஆரம்பித்ததிலிருந்து அலகு நீலமும் சாம்பலுமாக மாறிவிட்டது. இது துருவா? சாப்பிடும் பொருளை நறுக்கலாமா?

புதிதாக வாங்கிவிடலாம் என்று பார்த்தால் பெயர்கள் குழப்புகின்றன. ஒப்பினெல் 8-ஆம் எண், கார்பன் ஸ்டீல். இல்லையென்றால் விக்டரினாக்ஸ் ஸ்பார்ட்டன். கூட வேலை செய்பவர் ஸ்பைடர்கோவைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார். எது என்று சொல்லுங்கள்.

சாணைக்கல்:

முதலில் பழைய கத்தியைப் பார்ப்போம். அந்த நீலச் சாம்பல் நிறம் துரு இல்லை. கார்பன் ஸ்டீலில் பழத்தின் புளிப்பு பட்டதும் மேலே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அது இரும்பை ஓரளவு காக்கவும் செய்யும். தாராளமாகப் பழம் நறுக்கலாம். செம்மஞ்சளாக, விரலில் பொடியாக ஒட்டினால்தான் துரு. அதை நயமான உப்புத்தாளால் எண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, வெட்டி முடித்ததும் துடைத்துக் காயவைக்கும் பழக்கம் வந்தால் மறுபடி வராது.

அலகு இறுகுவதற்குக் காரணம் பிடியின் மரம். நீர் குடித்து உப்பி, அலகைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நன்றாக உலரவிட்டு, அலகு உட்காரும் பள்ளத்தின் உட்சுவரை உப்புத்தாளால் கொஞ்சம் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிச் சில நாள் ஊறிக் காய விடுங்கள். பெருமளவு சரியாகிவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஒப்பினெல் வாங்கினாலும் இதே குணம்தான். அதன் பிடி பீச் மரம். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் ஆரம்பித்தபோதும் இதே எளிய அமைப்புதான்: ஒரு மரக்கட்டை, ஒரு அலகு, ஒரு ஆணி. அலகு இறுகினால் பிடியின் அடிமுனையை மேசை மேல் ஒரு தட்டு தட்டுவார்கள், அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்துத் திறந்துகொள்ளலாம். சவோய்க்காரர் தட்டு என்றே அதற்குப் பெயர்.

வெட்டுவதில் மட்டும் கேட்டால் என் ஓட்டு ஒப்பினெலுக்கு. அலகு மெல்லியது, இருபக்கமும் லேசாகப் புடைத்து விளிம்பில் மெலிந்து முடியும். ஆப்பிளில் இறங்குவது தெரியாது. விக்டரினாக்ஸ் அலகை மென்மையான ஸ்டெயின்லெஸில் செய்கிறார்கள், எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56. சீக்கிரம் மழுங்கும், ஆனால் நாலு இழுப்பில் மறுபடி கூர் ஏறும். ஒப்பினெலின் ஸ்டெயின்லெஸ் வகையும் நல்ல எஃகுதான், ஈரத்தோட்டத்துக்கு அது கார்பனை விடத் தோது.

வழக்குக்கட்டு:

எஃகைப் பற்றிப் பேசும் முன் ஒரு நிமிஷம். கேட்பவர் லெஸ்டரில் இருக்கிறார். அங்கே எது நன்றாக வெட்டும் என்பதை விட எதைப் பாக்கெட்டில் வைத்துத் தெருவில் நடக்கலாம் என்பதே முதல் கேள்வி.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவு, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. விலக்கு ஒன்றே ஒன்றுக்கு: மடங்கும் பாக்கெட் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மிகாமல் இருக்க வேண்டும். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்கில் வராது என்று ஹாரிஸ் வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூட்டு இருந்தால் அலகு இரண்டு அங்குலமே ஆனாலும் அது நிலைத்த அலகுக் கத்தி மாதிரிதான் பார்க்கப்படும்.

ஒப்பினெல் 8-இன் அலகு 8.5 சென்டிமீட்டர். பிடியின் கழுத்தில் சுழலும் ஒரு உலோக வளையம் உண்டு, அதுதான் பூட்டு. நீளத்திலும் போகிறது, பூட்டிலும் போகிறது. தோட்ட வேலைக்குக் கொண்டுபோவது தகுந்த காரணமாகலாம், ஆனால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். திரும்பும் வழியில் கடைக்குள் நுழைந்தால், மறுநாள் அதே கோட்டுப் பையோடு ரயில் ஏறினால், அந்தக் காரணம் கூட வராது. காரில் போட்டுவைத்துக்கொண்டு தெருவில் ஓட்டினாலும் இதே கதைதான்.

தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விசா, குடியுரிமை விண்ணப்பம் என்று எத்தனையோ பேர் இங்கே காத்திருக்கிறோம். ஒரு பழம் நறுக்கும் கத்திக்காகக் குற்றப்பதிவு வாங்கக்கூடாது.

கீரைப்பாத்தி:

மிக்க நன்றி. கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்கள், அதனால் வைத்திருக்கவும் தடை இருக்காது என்றே நினைத்திருந்தேன். ஒப்பினெல் 6-இன் அலகு 7.3 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. நீளம் சரியாக வருகிறதே, வளையத்தை மட்டும் கழற்றிவிட்டால்?

சாணைக்கல்:

கழற்ற முடியும், ஆனால் நான் செய்யமாட்டேன். அந்தக் கத்திக்குள் ஸ்பிரிங் கிடையாது. அலகைப் பிடித்துக்கொள்வது மரத்தின் உரசல் மட்டுமே. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் காய்ந்து சுருங்கினால் அலகு தளர்ந்து, பாக்கெட்டுக்குள்ளேயே கொஞ்சம் திறந்துகொள்ளலாம். வளையத்தை 1955-இல் மார்செல் ஒப்பினெல் கொண்டுவந்ததே திறந்த அலகு விரல் மேல் மடங்காமல் இருக்கத்தான். 2000-க்கு அப்புறம் மூடிய நிலையிலும் பூட்டும்படி மாற்றினார்கள்.

ஒப்பினெலே வேண்டும் என்றால் 5-ஆம் எண் இருக்கிறது. அலகு 6 சென்டிமீட்டர், வளையமே இல்லாமல் வருவது. பழத்துக்கும் நூலுக்கும் போதும். உர மூட்டைக்குச் சின்னது.

மலைச்சரிவு:

சுவிஸிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எங்கட ஊருக்குப் பக்கத்து மாநிலம் ஷ்விட்ஸ், அங்கே ஈபாக்கில்தான் விக்டரினாக்ஸ். கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை போட்டு, 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினவர். தாயார் இறந்த பிறகு 1909-இல் அவருடைய பெயரையே, விக்டோரியா என்று, நிறுவனத்துக்கு வைத்தார். பிறகு துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் அதோடு சேர்ந்துகொண்டது.

உங்களுக்கு நான் ஸ்பார்ட்டன் சொல்லமாட்டேன், பயனியர் சொல்வேன். ஸ்பார்ட்டனில் பிளாஸ்டிக் பிடி, இரண்டு அலகு, கார்க் திருகி, முள் எடுக்கும் சின்ன இடுக்கி எல்லாம் உண்டு. பயனியரில் ஒரே அலகுதான், ஆனால் பிடி வரிவரியாக அச்சிட்ட அலுமினியம். 93 மில்லிமீட்டர் நீளம், உள்ளே ஸ்பிரிங் கெட்டி. ஈரத்தில் உப்பாது, சேறு பட்டால் குழாயில் பிடித்துக் கழுவிக் காயவைக்கலாம். சுவிஸ் படைவீரர்களுக்கு 2008 வரை கொடுத்த 1961 மாடல் கத்தியின் வழியில் வந்தது அது. அதிலுள்ள குத்தூசி உர மூட்டைக்கும் சாக்குக்கும் நல்ல உதவி. இதைவிடச் சிறியதும் மெல்லியதும் வேண்டும் என்றால் 84 மில்லிமீட்டர் கேடட் இருக்கிறது.

இரண்டிலும் பூட்டு இல்லை, அலகு 3 அங்குலத்துக்குள். ஆனால் விக்டரினாக்ஸ் என்ற பெயரைப் பார்த்து எல்லாமே சரி என்று எடுக்கவேண்டாம். 111 மில்லிமீட்டர் வகைகளில் பலதுக்குப் பூட்டு உண்டு, 2008-க்குப் பிறகு வந்த புதிய படைவீரர் கத்திக்கும் உண்டு.

பழைய சாமான் சந்தையில் வெங்கர் என்று போட்ட சுவிஸ் கத்தி கண்டால் யோசிக்காமல் பாருங்கள். டெலமோன்டில் செய்தது, ராணுவத்துக்குக் கொடுத்த மற்றக் கம்பெனி. 2005-இல் விக்டரினாக்ஸ் வாங்கிவிட்டது. தரத்தில் குறை சொல்ல ஏலாது, பூட்டு இருக்கா என்று மட்டும் திறந்து பாருங்கள்.

வழக்குக்கட்டு:

ஸ்பைடர்கோ பற்றி யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டன் ஊர்க் கம்பெனி. அலகில் உள்ள வட்டத் துளையில் கட்டைவிரலை வைத்து ஒரு கையாலேயே திறப்பது அவர்கள் அடையாளம். பெரும்பாலானவை பூட்டுள்ளவை. இங்குள்ள சட்டத்தை மனதில் வைத்தே யூகே பென்நைஃப் என்று பூட்டில்லாத ஒன்று செய்கிறார்கள். எஃகு உயர்தரம், கூர் நெடுநாள் நிற்கும், விலையும் பல மடங்கு. கையுறையோடு வேலை செய்பவருக்குப் பொருந்தும். உங்கள் தேவைக்கு அவ்வளவு செலவு அவசியமில்லை என்பது என் எண்ணம்.

எந்தக் கத்தியானாலும் நீதிமன்ற வாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். ஊருக்குப் பறக்கும்போது கைப்பையிலிருந்து எடுத்து, செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

கீரைப்பாத்தி:

அப்போது பாக்கெட்டுக்குப் பயனியர். பழைய மரப்பிடிக் கத்தியைச் சரிசெய்து சமையலறையில் வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: கீலுக்கு என்ன எண்ணெய் விடுவது? வீட்டில் தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கின்றன.

சாணைக்கல்:

இரண்டும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். லெஸ்டர் குளிரில் கீலுக்குள் கட்டியாக நிற்கும். நல்லெண்ணெய் நாள் போகப் போகப் பிசுபிசுப்பாகி மண்ணைப் பிடித்துவைக்கும். வெட்டுப் பலகைக்கு என்று விற்கும் மினரல் எண்ணெய் வாங்குங்கள், உணவில் பட்டாலும் பரவாயில்லை. கழுவி முழுக்கக் காய்ந்த பிறகு கீலில் ஒரு துளி விட்டு, அலகை நாலைந்து தடவை திறந்து மூடி, வழிவதைத் துடைத்துவிடுங்கள். பாக்கெட்டில் சேரும் நூல் குப்பையை மட்டும் அவ்வப்போது பல்குச்சியால் எடுத்தால் போதும்.