பள்ளியை மூடினால் மிச்சம் எவ்வளவு? கலிஃபோர்னியா கல்வி வாரியக் கணக்கு

ஏரிக்கரை:
எங்கள் பள்ளி மாவட்ட வாரியக் கூட்டம் நேற்று நள்ளிரவைத் தாண்டியது. மகன் படிக்கும் தொடக்கப் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்போகிறார்களாம். பேச எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நிமிடம். பற்றாக்குறை என்கிறார்கள். ஆனால் இரண்டு தெரு தள்ளி உயர்நிலைப் பள்ளியில் புதிய விளையாட்டு அரங்கம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்கு இருக்கும் பணம் பிள்ளைகளுக்கு இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, கும்பாபிஷேகத்துக்கு வசூலித்த பணத்தில் அர்ச்சகருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? அதே கதைதான். அரங்கம் எழுவது கடன் பத்திரப் பணத்தில். 2000இல் மாநில மக்கள் வாக்களித்துச் சட்டமாக்கிய 39ஆம் எண் முன்மொழிவு, ஊர் மக்களின் 55 விழுக்காடு வாக்கு கிடைத்தாலே பத்திரம் வெளியிடலாம் என்றது. அந்தப் பணத்தில் சம்பளம் கொடுக்கக் கூடாது என்றும் கட்டிப்போட்டது.

சம்பளத்துக்கான வரவை முடிவு செய்வது வாரியம் அல்ல, மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோ. 1978இல் 13ஆம் எண் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காடாகவும், அந்த மதிப்பின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டுக்குள்ளும் நிறுத்தியது. அதன் பிறகு பள்ளிகள் மாநிலத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2013 முதல் நடப்பில் உள்ள மாநில நிதிச் சூத்திரப்படி பணம் வருவது பதிவேட்டுப் பெயருக்கு அல்ல, அன்றாட வருகைக்கு. பிள்ளைகள் குறைந்தால் வரவும் குறையும். பாலோ ஆல்டோ போன்ற ஊர்களில் சொத்து வரியே சூத்திரத்தைத் தாண்டிவிடுவதால் மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பனங்காடு:
பிள்ளைவாள் சட்டத்தைச் சரியாகத்தான் சொல்கிறார். சட்டத்தின் பின்னால் வாரியத்தை ஒளித்துவைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கோவிட் காலத்தில் நடுவண் அரசு ஒரே ஒரு முறைக்கென்று கொடுத்த பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கியது யார்? அந்தப் பணம் 2024 செப்டம்பரோடு முடியும் என்பது முதல் நாளிலிருந்தே தெரியும். ஆண்டுதோறும் ஜூனில் கையைத் தூக்கி வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றியவர்கள் வாரியத்தின் இதே ஐந்து பேர்தான்.

என் மனைவி ஆசிரியர். இரண்டு முறை மார்ச்சில் பணிநீக்க அறிவிப்பு வந்தது, இரண்டு முறையும் மே மாதம் திரும்பப் பெற்றார்கள். நடுவில் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இதற்குப் பெயர் நிர்வாகமா?

கணக்குப்பிள்ளை:
மார்ச் 15க்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அடுத்த ஆண்டும் அந்த ஆசிரியரை வைத்துக்கொண்டாக வேண்டும். ஆளுநரின் திருத்திய வரவு செலவுத் திட்டமோ மே நடுவில்தான் வரும். வானத்தைப் பார்த்து விதைக்கிற விவசாயியின் நிலைமைதான். ஆசிரியர் ஓய்வூதிய நிதிக்கு மாவட்டம் கட்டும் பங்கு 8.25 விழுக்காட்டிலிருந்து 19.1 ஆக உயர்ந்தது. அதுவும் மாநிலச் சட்டம். நிரந்தரப் பணியிட விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.

ஏரிக்கரை:
எல்லாமே சட்டம் என்றால் வாரியத்துக்குத் தேர்தல் எதற்கு? ஓக்லாந்தில் 2022 பிப்ரவரியில் பள்ளிகளை மூட வாக்களித்தார்கள். 2023 ஜனவரியில் புதிய வாரியம் வந்து, எஞ்சியிருந்த மூடல்களை ரத்து செய்தது. மக்கள் நினைத்தால் முடிகிறதே.

கணக்குப்பிள்ளை:
அதே ஓக்லாந்தில் 2003இல் என்ன நடந்தது? கணக்கு கைமீறிப் போய், மாநிலம் 10 கோடி டாலர் கடன் கொடுத்து, அதிகாரத்தையும் வாங்கிக்கொண்டது. மாநிலம் அனுப்பிய நிர்வாகியே எல்லாவற்றையும் முடிவு செய்தார், வாரியம் ஆலோசனை சொல்லும் இடத்துக்கு இறங்கியது. கடனை அடைத்து முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மூடலை ரத்து செய்ததால் காலி இருக்கைகள் நிரம்பிவிடவில்லை.

மெல்லினம்:
சான் ஃபிரான்சிஸ்கோவை மறந்துவிட்டீர்கள். 2021 ஜனவரியில் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தபோது, 44 பள்ளிகளுக்குப் பெயர் மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். 2022 பிப்ரவரியில் வாக்காளர்கள் மூன்று உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் பெயர் மாற்றவில்லை, கூட்டத்தின் தொடக்கத்தில் விருது கொடுத்தே நேரத்தைக் கழிக்கிறார்கள். பட்ஜெட் பேச்சு தொடங்கும்போது மணி பத்தரை. கூட்டத்தில் பாதிப் பேர் காலணி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பனங்காடு:
அதுதான் நான் சொல்ல வந்தது. வாரியக் கூட்டங்கள் மக்கள் முன் நடக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டப்படி நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். வெளியிடுகிறார்கள், வெள்ளிக்கிழமை இரவு, சில நூறு பக்கங்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம். ஆலோசகர் ஒப்பந்தங்களை எல்லாம் ‘மொத்த ஒப்புதல்’ பட்டியலில் சேர்த்து ஒரே வாக்கில் முடித்துவிடுகிறார்கள். எந்த உறுப்பினரும் ஒரு வரியைத் தனியே எடுக்கச் சொல்லலாம். எங்கள் வாரியத்தில் அப்படிக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. இதைச் செய்ய வேண்டாம் என்று எந்தச் சட்டம் தடுத்தது, பிள்ளைவாள்?

ஏரிக்கரை:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எங்கள் பள்ளியை மூடினால் மிச்சம் எவ்வளவு?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஆசிரியர்கள் பிள்ளைகளோடு அடுத்த பள்ளிக்குப் போவார்கள். மிஞ்சுவது ஒரு தலைமையாசிரியர், அலுவலக ஊழியர், துப்புரவுப் பணியாளர், மின்கட்டணம். இணைப்பு பிடிக்காமல் சில குடும்பங்கள் தனியார் பள்ளிக்குப் போனால் அந்த வரவும் கழியும். சென்ற ஆண்டுகளின் வருகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள விதி இடம் கொடுப்பதால் அந்த இழப்பு உடனே தெரியாது, ஓரிரு ஆண்டு கழித்துத் தெரியும். பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் இருந்தபோது அந்த எண்ணைக் கேட்டேன். தரவில்லை. நானும் விட்டுவிட்டேன், அது என் தவறு. ஆனாலும் இணைப்பு தேவை என்றுதான் இன்றும் சொல்வேன். பாதி காலியான பள்ளிகளை வைத்துக்கொண்டு செவிலியருக்கும் நூலகருக்கும் எங்கே போவது?

பனங்காடு:
முதலில் தலைமை அலுவலகத்தில் குறையுங்கள். அப்புறம் நூலகரைப் பற்றிப் பேசலாம்.

கணக்குப்பிள்ளை:
அங்கேயும் குறைக்கட்டும், நான் தடுக்கவில்லை. சகோதரி, டிசம்பர் 15க்குள் முதல் இடைக்கால அறிக்கையை வாரியம் ஏற்றாக வேண்டும். அது பள்ளி மாவட்டங்களின் கணக்கை மேற்பார்க்கும் கவுண்டிக் கல்வி அலுவலகத்துக்கும் போகும். அதில் மூன்று ஆண்டுக் கணக்கீடு இருக்கும். மூன்றாம் ஆண்டுப் பத்தியில் கையிருப்பு மொத்தச் செலவில் 3 விழுக்காட்டுக்குக் கீழே போகிறதா, எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இரண்டு எண்களை மட்டும் கேளுங்கள். ஒரு நிமிடம் போதும்.

ஏரிக்கரை:
கேட்கிறேன். பனங்காடு அண்ணா, அன்று உங்கள் மனைவி வருவார்களா?

பனங்காடு:
இருவருமே வருகிறோம். பேசுவதற்குப் பெயர் எழுதும் சீட்டை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். விருது வழங்கி முடியும் வரை காத்திருந்தால் வாங்க மாட்டார்கள்.