கார்கோவில் ஒரே கிரேட் இரண்டு பதிப்புகளாக வந்தபோது

ரஸ்ட் நிரல்மொழியில் எழுதிய ப்ராஜெக்ட் ஒன்றில், ரேண்டம் எண்கள் தரும் ரேண்ட் கிரேட்டை (ரஸ்டில் நூலகத்துக்குப் பெயர் கிரேட்) 0.8-லிருந்து 0.9-க்கு ஏற்றினோம். ரஸ்டின் பில்ட் கருவியான கார்கோவுக்கு எந்தக் கிரேட்கள் வேண்டும் என்று சொல்லும் கார்கோ.டாமல் கோப்பில் மாறியது அந்த ஒரு எண்தான். அடுத்த பில்டில் ஆர்எஸ்ஏ (ஒரு குறியாக்க முறை) சாவி உருவாக்கும் வரியில் எரர். அந்த வரியை யாரும் தொடவே இல்லை. ட்ரெய்ட் (ஒரு டைப் என்னென்ன செய்ய வேண்டும் என்ற வரையறை) பொருந்தவில்லை என்கிறது கம்பைலர். ஆவணத்தைத் திறந்தால் அதே பெயரில் ட்ரெய்ட் இருக்கிறது.

விடை கிடைத்தது 'கார்கோ ட்ரீ -டி' கட்டளையில். ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்பில் வந்திருக்கும் கிரேட்களை மட்டும் அது காட்டும், யார் இழுத்து வந்தார்கள் என்பதோடு. ரேண்டுக்கு அடிப்படையான ரேண்ட்-கோர் கிரேட் இரண்டு முறை இருந்தது: புது ரேண்ட் கொண்டுவந்த 0.9, ஆர்எஸ்ஏ கிரேட் கேட்கும் 0.6.

ஒரே கிரேட்டை 1.2, 1.5 என்று இரண்டு பேர் கேட்டால் கார்கோ இருவருக்கும் பொதுவாக ஒரே பதிப்பைத் தரப் பார்க்கும். பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்புகளில் அப்படி இல்லை. இரண்டாவது எண் மாறினாலே பொருந்தாத பதிப்பு என்று கணக்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பில்ட் செய்துவிடும். பெயர் ஒன்றானாலும் கம்பைலருக்கு அவை வேறு வேறு ட்ரெய்ட்கள். தனித்தனியாக ஓடும்வரை சிக்கல் தெரியாது, ஒன்றின் டைப்பை இன்னொன்றிடம் கொடுக்கும்போதுதான் வெடிக்கும். ரேண்டை 0.8-க்கே இறக்கினோம், சரியாகிவிட்டது. ஆர்எஸ்ஏ மேலே வரும்வரை அப்படியே இருக்கட்டும். இத்தனை கண்டிப்பு எனக்குப் பிடித்தே இருக்கிறது. பைனரி ஓடும்போது உடைவதைவிட பில்டில் நிற்பது எவ்வளவோ மேல்.

*

இதேபோல ஒரு பதிப்புச் சிக்கல் எனக்கு நடந்தது, ரஸ்ட் கருவிகளை நிறுவும் 'கார்கோ இன்ஸ்டால்' கட்டளை போட்டபோது. கட்டளைவரிக் கருவி ஒன்று, முந்தின மாதம் ஒழுங்காக நிறுவப்பட்டது, அதே பதிப்பு வேறொரு கணினியில் பாதியில் நின்றது. உள்ளே இருந்த ஏதோ ஒரு கிரேட்டுக்கு என்னிடம் இருப்பதைவிடப் புதிய ரஸ்ட் வேண்டுமாம்.

காரணம், கார்கோ இன்ஸ்டால் வழக்கமாக அந்தக் கருவியோடு வரும் கார்கோ.லாக் கோப்பை (ஒவ்வொரு கிரேட்டின் சரியான பதிப்பும் பதிவாகியிருக்கும் கோப்பு) பார்ப்பதில்லை. அன்றைக்குப் பொருந்தும் பதிப்புகளைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் '--லாக்ட்' சேர்த்தால், கருவியை எழுதியவர் சோதித்த அதே பதிப்புகள் வரும். சேர்த்தேன், நிறுவிவிட்டது. அப்புறம் சிஐ (தானாக பில்டும் டெஸ்டும் ஓட்டும் அமைப்பு) ஸ்கிரிப்டிலும் பில்ட், டெஸ்ட் இரண்டுக்கும் அதையே போட்டுவிட்டேன். டாமலும் லாக்கும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே எரர் வந்து நின்றுவிடும்.