சியன்னாவில் பெட்டி இழுத்தால் பாரம் முன்னாலா, பின்னாலா?

வெள்ளவத்தை அப்பா:
கிராண்ட்பாஸ் லொறி அண்ணை நேற்று எனக்குச் சொன்ன ஆலோசனையால் வீட்டில் பெரிய சண்டை, அதனால்தான் தனிப் பதிவாக எழுதுகிறேன். என் மகன் குடும்பம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு வீடு மாறுகிறது, கிட்டத்தட்ட 1,600 மைல். கார் 2014 டொயோட்டா சியன்னா, வி6 பெட்ரோல். யூ-ஹோல் என்கிற வாடகைக் கம்பனியில், காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற ஆறடிக்குப் பன்னிரண்டடி மூடிய ட்ரெய்லர்ப் பெட்டி வாடகைக்கு எடுக்கிறார்கள். சாமானை எப்படி ஏற்றுவது என்று கேட்டேன். அண்ணை எழுதியது இது: "பாரமானதெல்லாம் பின்கதவோடு, முன்னால் வைத்தால் கார் குந்திவிடும்." நானும் நம்பி மகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே போன் எடுத்து, "அப்பா, எங்களைக் கொல்லவா பார்க்கிறீர்கள்" என்று கேட்டான். வாடகைக்காரர் கொடுக்கிற கையேட்டிலேயே 60 வீதம் பாரம் பெட்டியின் முன்பாதியில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதாம். இப்படி உறுதியாகத் தெரியாத விஷயத்தை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

கிராண்ட்பாஸ் லொறி:
உறுதியாகத் தெரியும், அதனால்தான் உறுதியாகச் சொன்னேன். 31 வருடம் கொழும்பு–யாழ்ப்பாணம் ஓடியவன் நான். 50 கிலோ வெங்காய மூட்டை எத்தனை ஆயிரம் ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாரம் பின்சில்லுக்கு மேலே இருக்க வேண்டும், லொறி ஓட வந்த முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தது அது. சியன்னா முன்சில்லால் ஓடுகிற வாகனம் என்பதாவது உங்கள் மகனுக்குத் தெரியுமா? பெட்டியின் முன்பாரம் முழுவதும் காரின் பின்னங்கொழுக்கியில் வந்து குந்தினால் காரின் மூக்கு மேலே எழும்பும், முன்சில்லு றோட்டைப் பிடிக்காது, மழைக்குள் ஸ்டியரிங் திருப்பினாலும் கார் நேராகத்தான் போகும். கையேடு எழுதினவன் ஓடியவனா? பாரம் பின்னால்தான்.

ஸ்காபரோவிலிருந்து வந்தவன்:
அண்ணை, மூட்டையை லொறித் தட்டில் ஏற்றுவதும், ஒரு பெட்டியைக் காருக்குப் பின்னால் கொழுவி இழுப்பதும் ஒரே வேலையா? தட்டு லொறியோடு ஒட்டியிருக்கிறது. பெட்டி கொழுக்கியிலுள்ள ஒரே ஒரு உருண்டைக் குண்டில் கொழுவியிருக்கிறது, அந்தக் குண்டைச் சுற்றி அது வாலாட்டும்.

நான் இதைக் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. டொரண்டோவில் இருந்தபோது மொன்றியலுக்கு வீடு மாறினேன். சின்னப் பெட்டிதான். முதலில் கட்டில், மெத்தை, துணி எல்லாம் உள்ளே போய்விட்டது, கடைசியாக இருந்த வாஷிங் மெஷினைப் பின்கதவோடு வைத்துப் பூட்டினேன். 401இல் கிங்ஸ்டன் தாண்டி ஒரு இறக்கம், மணிக்கு நூறு கிலோமீற்றர் இருக்கும். பக்கக் கண்ணாடியில் பெட்டியின் வலப்பக்கம் தெரிந்தது, பிறகு இடப்பக்கம் தெரிந்தது, பிறகு திரும்ப வலப்பக்கம், ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அதிகமாக. காரின் பின்பக்கத்தை யாரோ கையால் பிடித்து உலுக்குகிற மாதிரி. மனைவி ஒன்றும் பேசவில்லை, கைபிடியை மட்டும் பிடித்துக்கொண்டாள். பிறேக்கில் கால் வைத்திருந்தால் கவிழ்ந்திருப்போம். அக்சிலேற்றரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், அவ்வளவுதான். ஓரம் கட்டி, ஒன்றரை மணித்தியாலம் குளிருக்குள் நின்று மெஷினை முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அதற்குப் பிறகு மொன்றியல் வரை ஒரு ஆட்டம் இல்லை.

கிராண்ட்பாஸ் லொறி:
நூறில் ஓடியது உங்கள் பிழை. பாரத்தின் மேல் பழி போடாதீர்கள்.

ராஜி தெஹிவளை:
ஒரு சின்னக் கேள்வி. அந்த வருடத்துச் சியன்னாவின் இழுவைத் திறன் 3,500 இறாத்தல். அந்த 6க்கு 12 பெட்டி வெறுமனே 1,920 இறாத்தல். அப்படியென்றால் சாமானுக்கு மிஞ்சுவது 1,580 இறாத்தல், அதாவது 720 கிலோவுக்கும் குறைவு. பெட்டியோ 4,400 இறாத்தல் வரை தாங்கும், ஆகவே இடம் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவார்கள். முன்னாலா பின்னாலா என்பதற்கு முன் மொத்தம் எவ்வளவு என்று யாராவது கேட்டீர்களா? காருக்குள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

வெள்ளவத்தை அப்பா:
ஐந்து பேர் ராஜி. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், தையல் மெஷின், புத்தகம் மட்டும் பதினெட்டுப் பெட்டி.

கிராண்ட்பாஸ் லொறி:
தங்கச்சி, பெட்டியின் கனத்தைப் பெட்டியின் சில்லு தாங்குகிறது, கார் தாங்கவில்லை. அதைக் கணக்கில் போடத் தேவையில்லை. 3,500 என்றால் 3,500 சாமான். பாரம் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம், அது பின்னால் இருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை கராஜ்:
அண்ணை, இது மட்டும் வேண்டாம். சில்லு தாங்கினாலும் மேட்டில் இழுப்பது யார், நிற்பாட்டுவது யார்? எங்கள் கராஜுக்கு வருகிற ஓட்டோமெற்றிக் கியர்ப் பெட்டிகளில் எண்ணெய் கறுத்து, தீய்ந்த மணம் வருகிறதென்றால் பாதிக்கு மேல் இப்படி ஏற்றி இழுத்ததுதான். அந்தச் சியன்னாவில் கியர் எண்ணெய்க்குத் தனிக் கூலர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் 60 வீதம் 60 வீதம் என்று எல்லாரும் அடித்துக்கொள்கிறீர்கள், கொழுக்கியில் 60 வீதம் குந்தப்போகிறதென்று லொறி அண்ணை நினைத்துக்கொண்டு பேசுகிறார். அப்படி இல்லை. முன்பாதியில் 60 வீதம் வைத்தால், அச்சு நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பதால், கொழுக்கியில் இறங்குவது மொத்தக் கனத்தில் பத்து முதல் பதினைந்து வீதம்தான். 3,500 இறாத்தல் பெட்டிக்குக் குறைந்தது 350 இறாத்தல், அதாவது இரண்டு பெரிய ஆட்கள் பின்பம்பரில் ஏறி நிற்கிற அளவு.

கிராண்ட்பாஸ் லொறி:
பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள், பின்பம்பரில் இரண்டு ஆட்கள்! எந்த மடையன் பின்பம்பரில் இரண்டு பேரை நிற்க வைத்து 1,600 மைல் ஓடுவான்? அதைத்தான் நேற்றிலிருந்து கத்துகிறேன்.

ஹற்றன் மணி:
எங்க ஊர்ப் பக்கம் தோட்டத்து ட்ரக்டர்ப் பெட்டியில் கொழுந்து மூட்டை பின்னால் கூடிப்போனால், மேட்டில் ட்ரக்டரின் பின்சில்லு வழுக்கும். கொழுக்கியில் அமுக்கம் இல்லையென்றால் பிடி இல்லை. சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயம் இது.

கிராண்ட்பாஸ் லொறி:
ட்ரக்டர் பின்சில்லால் இழுக்கிறது, அதனால் அதற்குப் பின்னால் அமுக்கம் வேண்டும். சியன்னா முன்சில்லால் இழுக்கிறது. நீங்கள் சொன்னது எனக்குச் சாதகம் தம்பி. கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து வந்தவன்:
போன வருடம் ஹைபிரிட் பற்றரி விஷயத்திலும் இப்படித்தான் நின்றீர்கள். "கழுவி வெயிலில் காயவிட்டால் சரிவரும்" என்று எழுதினீர்களே, யாரோ கேட்டு நடந்து எவ்வளவு செலவழித்தார் என்று நினைவிருக்கிறதா? அன்றைக்கும் 31 வருடம்தான்.

கிராண்ட்பாஸ் லொறி:
அது 30 வருடம். அப்புறம் அந்த ஆள் தண்ணீர்க் குழாயைப் பிடித்து அடித்துக் கழுவினார், நான் சொன்னது ஈரத்துணியால் துடைக்க. அதை இங்கே இழுக்க வேண்டாம். வெளிநாட்டில் ஒரே ஒரு தடவை ஒரு வாஷிங் மெஷினை இழுத்துப்போனவருக்கு இவ்வளவு தலைக்கனம் கூடாது. நான் கடுகண்ணாவை இறக்கத்தில் இரவு இரண்டு மணிக்கு, ஏழு தொன்னோடு, பிறேக் மணக்க மணக்க இறங்கியவன். அந்த மணம் உங்களுக்குத் தெரியுமா?

கொட்டாஞ்சேனை கராஜ்:
பிறேக் என்று சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெரிய பெட்டியில் தள்ளுபிறேக் இருக்கிறது. கார் வேகம் குறைந்தால் பெட்டி முன்னால் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே பெட்டியின் பிறேக் தானாகப் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் காரின் பிறேக்கை மிதித்துக்கொண்டே போனால் அதுவும் பிடித்துக்கொண்டே இருந்து சூடேறும். கியரைக் குறைத்துப் போக வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து 81ஆம் நெடுஞ்சாலையால் வர்ஜீனியா வழியாக இறங்கினால் மேடும் பள்ளமும்தான், பெரிய பெரிய லொறிகளும் அந்தப் பாதையில்தான். ஒவ்வொன்றும் பக்கத்தால் கடக்கும்போது காற்று முதலில் பெட்டியைத் தள்ளும், பிறகு இழுக்கும். பின்பாரம் உள்ள பெட்டி அதில்தான் ஆட ஆரம்பிக்கும்.

வெள்ளவத்தை அப்பா:
மகனும் காற்றைப் பற்றித்தான் சொன்னான். வேகம் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று வாடகைக்காரர் சொல்லியிருக்கிறார், அதாவது 88 கிலோமீற்றர். டெக்சாஸில் சில பாதைகளில் 75 மைல் போகலாமாம், எல்லாரும் பறக்கும்போது இவன் 55இல் போவானா என்று அவன் அம்மா கவலைப்படுகிறாள். இலங்கை முழுவதும் தெற்கிலிருந்து வடக்கே 430 கிலோமீற்றர்தான், இது அதில் ஆறு மடங்கு. மூன்று பேரப்பிள்ளைகள் அந்தக் காருக்குள் இருக்கிறார்கள். கடைசிக்கு இரண்டு வயது. எனக்கு இதில் யார் வென்றாலும் பரவாயில்லை, ஆனால் பிழையான ஆலோசனை என் கையால் போனது எனக்குத் தாங்க முடியவில்லை.

ராஜி தெஹிவளை:
ஐயா, ஐந்து பேர், அவர்களின் பைகள், கொழுக்கியில் இறங்குகிற 350 இறாத்தல், எல்லாம் சேர்த்துத்தான் கார் சுமக்கிற பாரம். ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்டிருக்கிற எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகத்தைத் தபாலில் அனுப்பலாம். நான் முதலில் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கிராண்ட்பாஸ் லொறி:
பதில் சொல்லியாயிற்று தங்கச்சி, பெட்டியின் கனம் கணக்கில் இல்லை.

ஹற்றன் மணி:
அண்ணே, ட்ரக்டரை விடுங்க. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமார் இரண்டு சில்லு வண்டி இழுக்கிறதைப் பார்த்திருக்கிறீங்கதானே. அரிசி மூட்டையைச் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் அடுக்குவாங்க. கைபிடி லேசாகக் கீழே அமுக்கும், அந்த அமுக்கத்தில் வண்டி சொன்ன பக்கம் வரும். ஒரு மூட்டை பின்னால் கூடினாலும் கைபிடி மேலே கிளம்பி ஆளைத் தூக்கும். மாட்டு வண்டிக்கும் அதேதான், பின்பாரம் ஏறினால் நுகம் எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம், பின்பாரம் என்று நம்ம ஆட்கள் பேர் வைத்தே சொல்லியிருக்கிறாங்க, அமெரிக்கக் கையேடு எதுக்கு?

கிராண்ட்பாஸ் லொறி:
நாட்டாமிமாரைப் பற்றி எனக்குச் சொல்லித்தராதீர்கள். என் அப்பா அந்தத் தெருவில் மூட்டை தூக்கியவர். அந்த உழைப்பில் வளர்ந்தவன் நான், அதனால் அந்த வேலையை மதித்துப் பேசுங்கள். நாட்டாமி நடந்து போகிறான், மாடு நடந்து போகிறது. 55 மைலில் ஓடுகிற காருக்கு மாட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். வேகம் கூடக்கூட முன்சில்லுக்குப் பிடி வேண்டும், முன்சில்லுக்குப் பிடி வேண்டுமென்றால் கொழுக்கியில் அமுக்கம் கூடாது, கொழுக்கியில் அமுக்கம் கூடாதென்றால் பாரம் பின்னால். இதில் எந்த இடம் விளங்கவில்லை என்று ஒருத்தராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

ஹற்றன் மணி:
நான் யாரையும் மதிக்காமல் பேசவில்லை அண்ணே. எங்க தாத்தாவும் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் நின்றவர்தான்.

ஸ்காபரோவிலிருந்து வந்தவன்:
விளங்காத இடம் ஒன்று இருக்கிறது. வேகம் கூடினால்தான் வாலாட்டமும் கூடும். நடக்கிற மாட்டுக்கே முன்பாரம் வேண்டுமென்றால் 55 மைலுக்கு எவ்வளவு வேண்டும்? நீங்கள் ஒரு பெட்டியையாவது காரில் கொழுவி இழுத்திருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை.

கிராண்ட்பாஸ் லொறி:
நான் இழுத்ததை எல்லாம் உங்களுக்குப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. பெட்டி இல்லாமலே நீங்கள் சறுக்கினதை நாங்களும் பார்த்தோம், பம்பலப்பிட்டிச் சந்தியில் முச்சக்கரவண்டிக்காரனோடு நடந்த விஷயத்தை இங்கே நீங்களே எழுதினீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து வந்தவன்:
அதில் பிழை அவனுடையது. பொலிசும் அதைத்தான் சொன்னது.

கொட்டாஞ்சேனை கராஜ்:
முச்சக்கரவண்டியை விடுங்கள். ஐயா, மகனுக்கு இதை மட்டும் சொல்லுங்கள். கொழுக்கியில் கொழுவிய பிறகே சாமான் ஏற்ற வேண்டும், தனியாக நிற்கிற பெட்டியில் ஏற்றினால் ஒரு பக்கம் குத்திவிடும். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றும் முன்சுவரோடு, தரையில், கயிற்றால் இறுக்கி. லேசானது பின்னால். ஏற்றி முடித்ததும் காரைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பின்பக்கம் கொஞ்சம் தாழும், அது சரி, முன்சில்லுக்கு மேலே இடைவெளி கண்ணுக்குத் தெரிகிற மாதிரிக் கூடினால் பாரம் அதிகம் என்று அர்த்தம், அப்போது பின்னால் தள்ளுவதல்ல, இறக்குவதுதான் வழி.

கிராண்ட்பாஸ் லொறி:
கடைசியில் முன்சில்லுப் பிரச்சினை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டீர்கள்.

கொட்டாஞ்சேனை கராஜ்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. பாரம் கூடினால் இறக்கு என்றேன்.

வெள்ளவத்தை அப்பா:
சனிக்கிழமை ஏற்றுகிறார்கள். பிரிட்ஜ் முன்னால்தான் போகிறது, மகனிடம் சொல்லிவிட்டேன்.

கிராண்ட்பாஸ் லொறி:
உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம். ஹூஸ்டன் போய்ச் சேர்ந்ததும் காரின் நாலு டயரையும் படம் எடுத்து இங்கே போடச் சொல்லுங்கள். எதில் பாரம் இறங்கியது என்று டயர் சொல்லும். நான் சொல்வது இன்றைக்கும் அதேதான், பாரம் பின்னால்.

ஸ்காபரோவிலிருந்து வந்தவன்:
எதன் பின்னால்? பெட்டியின் அச்சுக்கா, காருக்கா, கதவுக்கா? நேற்றிலிருந்து அதைச் சொல்லவே இல்லை.

கிராண்ட்பாஸ் லொறி:
முதலிலிருந்து வாசியுங்கள். தெளிவாக எழுதியிருக்கிறேன்.