பேருந்திலோ மெட்ரோவிலோ அடிபட்டால்: இழப்பீட்டுக்கான கெடுவைத் தவறவிடாதீர்கள்

வெளிநாட்டு நகரங்களில் புதிதாகக் குடியேறிய பலர் கார் வாங்கும்வரை நகரப் பேருந்தையும் மெட்ரோவையும் நம்பித்தான் இருக்கிறார்கள். அவற்றில் அடிபட்டால் இழப்பீடு கேட்க வழி உண்டு என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அந்த உரிமைக்கான கெடு சில ஊர்களில் எவ்வளவு குறுகியது என்பது பெரும்பாலும் காலம் கடந்த பிறகே தெரிய வருகிறது. வண்டியை ஓட்டும் நிறுவனம் அரசு அல்லது மாநகராட்சி சார்ந்ததாக இருந்தால், தனியார் மீது வழக்குப் போடுவதற்கு உள்ள கால அவகாசம் அப்படியே பொருந்தாமல் போகலாம்.

நியூயார்க்கில் இது மிகக் கண்டிப்பானது. அங்கே பேருந்தையும் சப்வேயையும் நடத்தும் நகரப் போக்குவரத்து ஆணையத்தின் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், விபத்து நடந்த 90 நாட்களுக்குள், எங்கே, எப்போது, எப்படி அடிபட்டது என்பதை உறுதிமொழியுடன் எழுதிய கோரிக்கை அறிவிப்பு அந்த ஆணையத்திடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வழக்கையே 1 ஆண்டு 90 நாட்களுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநகராட்சியும் போக்குவரத்து ஆணையமும் சட்டப்படி வெவ்வேறு அமைப்புகள் என்பதால், ஒன்றுக்கு அனுப்பிய அறிவிப்பு மற்றொன்றுக்கும் அனுப்பியதாகக் கருதப்படாது; எந்த அமைப்பு பொறுப்பு என்பதோ விழுந்த இடத்தைப் பொறுத்தது. ஆகவே, விழுந்தது ரயில் நிலையப் படிக்கட்டிலா, வெளியே நடைபாதையிலா என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். கலிபோர்னியாவில் அரசு அமைப்புகளிடம் கோரிக்கை வைக்க 6 மாதம் அவகாசம் தருகிறார்கள்.

டொரண்டோவில் நிலைமை வேறு. காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக 2 ஆண்டுகள் உண்டு என்றாலும், பேருந்தில் ஏறப் போகும் வழியில் மாநகராட்சி நடைபாதையின் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தால், 10 நாட்களுக்குள் மாநகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வண்டிக்குள் அடிபட்டவர்கள் கவனிக்க வேண்டியது 2011-இல் டொரண்டோ அமைந்துள்ள ஒண்டாரியோ மாகாணத்தின் சட்டத்தில் வந்த மாற்றம்: பேருந்தோ டிராமோ வேறு வாகனத்திலோ பொருளிலோ மோதாமல், வெறும் திடீர் பிரேக்கில் பயணி விழுந்தால், யார் தவறு என்று பார்க்காமல் வாகனக் காப்பீட்டிலிருந்து கிடைக்கும் விபத்து உதவித்தொகை அவருக்குக் கிடைக்காது. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்துத்தான் இழப்பீடு பெற வேண்டும். என் பார்வையில் இது பயணிக்குப் பாதகமான விதிதான், ஆனாலும் நடைமுறையில் இருப்பது இதுவே.

லண்டனில் 3 ஆண்டுகள். அடிபட்டது குழந்தை என்றால் 21 வயது நிறையும்வரை வழக்குத் தொடரலாம். அங்கே சிவப்புப் பேருந்துகளை ஒப்பந்த அடிப்படையில் தனியார் நிறுவனங்களே ஓட்டுகின்றன என்பதால், கோரிக்கை அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும். அதன் பெயர் பேருந்தின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். மெல்பர்னில் ஓடும் ரயில், டிராம், பேருந்தில் அடிபட்டவர்களின் சிகிச்சைச் செலவை, தவறு யாருடையதாயினும், மாநில விபத்து ஆணையம் ஏற்கிறது. ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியூசிலாந்தில் 1974 முதல் நடைமுறையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் திட்டம் சுற்றுலா வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அதற்குப் பதிலாக, காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை அங்கே இல்லை.

எந்த ஊரானாலும், கோரிக்கை நிற்பதும் விழுவதும் முதல் சில நாட்களில் நீங்கள் சேர்த்து வைக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது. பேருந்தின் தடம் எண் மட்டும் போதாது, ஏனென்றால் அதே தடத்தில் ஒரே நேரத்தில் பல வண்டிகள் ஓடும். ஓட்டுநர் இருக்கைக்கு மேலோ கதவருகிலோ எழுதியிருக்கும் வண்டி எண்ணைப் படம் எடுங்கள். இறங்குவதற்கு முன் ஓட்டுநரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உடன் பயணித்தவர்களில் ஒருவரின் தொலைபேசி எண்ணையாவது வாங்குங்கள். பயண அட்டையை உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தால், நீங்கள் அந்த நேரத்தில் பயணித்ததற்கு அதுவே சாட்சியாகும். கேமராப் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும் என்பதால், அதைப் பாதுகாத்து வைக்குமாறு நிறுவனத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிரிட்டனில் உங்கள் உருவம் பதிவான காட்சியைக் கேட்டுப் பெறும் உரிமையே உங்களுக்கு உண்டு. பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போய்விடுங்கள். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: எப்படி இருக்கிறது என்று கேட்டால், வலியை மறைத்துப் பரவாயில்லை என்று சொல்லிவிடுவோம். மருத்துவர் அதை அப்படியே குறிப்பில் எழுதுவார். பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான். பேருந்து திடீரென நின்றதால் விழுந்தேன், இடது தோள் வலிக்கிறது என்று காரணத்தையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

வண்டிக்குள் விழுந்துவிட்டாலே பணம் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நகரப் பேருந்து குலுங்குவது இயல்பு என்பதால், நியூயார்க் நீதிமன்றங்கள் அந்தக் குலுக்கல் வழக்கத்துக்கு மாறாகவும் கடுமையாகவும் இருந்ததா என்று பார்க்கின்றன. குறுக்கே பாய்ந்த காரைத் தவிர்க்கத்தான் ஓட்டுநர் பிரேக் போட்டார் என்றால், பொறுப்பு அந்தக் கார்க்காரர் மீது திரும்பக்கூடும். முடிந்தால் அந்தக் காரின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விசாவுக்குப் பாதகம் வருமோ என்ற அச்சத்தில்தான் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இழப்பீடு கேட்பது உரிமையியல் வழக்கு. இதில் நீங்கள் பாதிக்கப்பட்டவர், குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர்.

காப்பீட்டு நிறுவனத்தார் சில நாட்களிலேயே அன்பாகப் பேசி, தொலைபேசியில் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும், சிறு தொகைக்குக் காசோலை அனுப்பவும் முன்வரலாம். அந்தக் காசோலையுடன் வரும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டால், பின்னர் அறுவைச் சிகிச்சையே தேவைப்பட்டாலும் மேற்கொண்டு கேட்க வழியிருக்காது என்பதால், அதை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வென்றால் மட்டும் கட்டணம் என்ற முறையில் வழக்கை எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் ஆலோசனையை இலவசமாகத் தருகிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, மருத்துவ அறிக்கை போன்ற செலவுகளைக் கழித்த பிறகு தங்கள் சதவீதத்தைக் கணக்கிடுவார்களா, அதற்கு முன்பா என்பதே. தோற்றால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.